கண்ணிவெடிக்கு யார் வருகிறார் என்று தெரியாது

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மெட்ரிக் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "வரலாற்றுப் பாடத்துக்கு எம்.கே.யின் (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவு) போராட்டம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். கெரில்லாப் போரில் எந்த ஆயுதம் நியாயம், எந்த உத்தி அநியாயம் என்று எதை வைத்துப் பிரிப்பது? 'வெள்ளை அரசு செய்ததற்கு முன்னால் இதெல்லாம் தூசு, எல்லாம் சரிதான்' என்கிறார் அப்பா. 'ஆயுதம் எடுத்த பின் நல்லவன் என்ன, கெட்டவன் என்ன' என்கிறார் தாத்தா. இரண்டையும் கட்டுரையில் எழுதாதே என்கிறார் டீச்சர்."

டீச்சர் சொல்வதுதான் சரி, மகளே. அப்பாவும் தாத்தாவும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தெரிந்தாலும் இருவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "ஏன் சண்டை போட்டார்கள்" என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை "எப்படிச் சண்டை போட்டார்கள்" என்ற கேள்விக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனிக் கணக்கு. காரணம் நியாயமாக இருந்து வழி அநியாயமாகப் போகலாம். காரணமே கெட்ட ஒரு படையில் ஒரு சிப்பாய் விதி பிசகாமல் நடந்துகொள்ளலாம். நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998 அக்டோபர் 29 அன்று கையளித்த அறிக்கை இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. நிறவெறி ஆட்சி மனித குலத்துக்கு எதிரான குற்றம், அதை எதிர்த்த போர் நியாயமான போர் என்று சொன்ன அதே அறிக்கை, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் கடுமையான மனித உரிமை மீறல்களுக்குப் பொறுப்பு என்றது. அறிக்கையை நிறுத்தக் காங்கிரஸ் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அப்பாவின் வாதம் புதிதல்ல. அன்று ஆளுங்கட்சியே அதை வைத்துப் பார்த்தது.

இனி ஆயுதங்களுக்கு வருவோம். எந்தக் காரணத்துக்காகவும் எவரும் தொடக்கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு, அது சின்னது. விஷம் கூடாது என்று 1907 ஹேக் விதிகள் சொல்கின்றன. உடலுக்குள் போய் விரியும் தோட்டாவை 1899லேயே விலக்கிவிட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் செய்த தோட்டா அது, அதனால்தான் அந்தப் பெயர். பொம்மை, பிணம், மருந்துப் பொருள் போன்றவற்றில் ஒளித்து வைக்கும் பொறிவெடியை 1980 ஆயுத உடன்படிக்கையின் இரண்டாம் நெறிமுறை தடுக்கிறது. ஆளைக் கொல்லும் மிதிவெடிக்கு 1997 ஒட்டாவா உடன்படிக்கை. இவற்றில் அரசுப் படைக்கு ஒரு விதி, காட்டுக்குள் இருக்கும் 10 பேருக்கு இன்னொரு விதி என்று அறம் பார்க்க இடமில்லை. ஆனால் ஆண்டைக் கவனி. 1980களில் நடந்ததை 1997ல் எழுதிய உடன்படிக்கையை வைத்து அளந்தால் டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போடுவார்.

இந்தப் பட்டியலோடு பாதி வேலைதான் முடிகிறது. எம்.கே. பயன்படுத்திய ஏ.கே.47, கைக்குண்டு, லிம்பெட் கண்ணி (காந்தத்தால் ஒட்டவைக்கும் குண்டு), டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாம் உலகத்துப் படைகள் பலவற்றில் இருந்த ஆயுதங்கள். அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? நான் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: ஆயுதம் போராளியின் கையை விட்டுப் போன பிறகு, அது யாரைத் தொடும் என்று தீர்மானிப்பது யார்?

துப்பாக்கி என்றால் சுடுகிறவனின் கண். எதிரே வருவது சிப்பாயா, பால் வாங்கப் போகும் பையனா என்று பார்த்து விரலை எடுத்துவிட முடியும். நேரம் வைத்த குண்டு என்றால் தீர்மானிப்பது கடிகாரம். கண்ணிவெடி என்றால் அதன் மேல் ஏறும் சக்கரம். கடிதக் குண்டு என்றால் உறையைக் கிழிக்கும் விரல். கண்ணும் கையும் எவ்வளவு தூரம் பிரிகின்றனவோ அவ்வளவு தூரம் தப்பு நடக்க இடம் உண்டு. கெரில்லாவின் இக்கட்டு என்னவென்றால், அவன் பலவீனமானவன். வெடிக்கும் நேரத்தில் அவன் அங்கே இருந்தால் பிடிபடுவான் அல்லது சாவான். ஆகவே கண்ணையும் கையையும் பிரிக்கிற ஆயுதங்கள்தான் அவனுக்கு வாகானவை. அந்த ஆயுதத்தை எடுத்த பிறகு அறம் என்பது வெடிக்கும் கணத்தில் இல்லை. இலக்கைத் தேர்ந்தெடுத்த நாளிலும், நேரம் குறித்த விதத்திலும், கைவிட வேண்டி வந்தால் கைவிடும் வழி இருந்ததா என்பதிலும் இருக்கிறது. 1977ல் ஜெனீவா உடன்படிக்கைகளுடன் சேர்த்த முதல் நெறிமுறை இதைத்தான் சட்ட மொழியில் சொல்கிறது. பிரிவு 48: போராளியையும் பொதுமக்களையும் பிரித்துப் பார். பிரிவு 51: கிடைக்கப்போகும் நேரடியான ராணுவப் பலனை மிஞ்சிப் பொதுமக்கள் சாவார்கள் என்று தெரிந்தால் தாக்காதே. பிரிவு 57: சரிபார், சேதம் குறைந்த வழியைத் தேர்ந்தெடு, நிலைமை மாறினால் நிறுத்து, முடிந்தால் எச்சரி.

எம்.கே. தொடங்கியது 1961 டிசம்பர் 16. முதல் கட்டத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது நாசவேலை. ரிவோனியா வழக்கில் 1964 ஏப்ரல் 20 அன்று மண்டேலா நீதிமன்றத்தில் அதற்குக் காரணம் சொன்னார். வன்முறை நான்கு வகை: நாசவேலை, கெரில்லாப் போர், பயங்கரவாதம், வெளிப்படையான புரட்சி. முதலாவதில் உயிர்ச்சேதம் இல்லை, பின்னாளில் இனங்கள் சேர்ந்து வாழ அதுதான் இடம் விட்டுவைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஆளைக் கொல்லவோ காயப்படுத்தவோ கூடாது என்று உறுப்பினர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு இருந்தது. மின்கோபுரம், அரசு அலுவலகம், ரயில் பாதை. நம் டர்பன் பக்கத்தில் பில்லி நாயர் இந்த நேட்டால் குழுவில் இருந்தவர்; 20 ஆண்டு ராபன் தீவில் கழித்தார். இந்தக் கட்டத்தைக் கட்டுரையில் "மென்மையானது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. பகுத்துப் பார்க்கும் முயற்சி ஆயுதம் எடுத்த முதல் நாளிலேயே திட்டத்துக்குள் இருந்தது என்பதற்கு இதுதான் சான்று. தாத்தாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதிலேயே இருக்கிறது.

1980 ஜூன் தொடக்கத்தில் சாசல்பர்கிலும் செகுண்டாவிலும் சாசல் எண்ணெய் நிலையங்கள் எரிந்தன. ராணுவத்துக்கும் பொருளாதாரத்துக்கும் எண்ணெய் எப்படி ஓடியது என்று தெரிந்தவர்களுக்கு அந்த இலக்கின் பொருள் புரியும். நெறிமுறையின் பிரிவு 52 கேட்கும் இரண்டு நிபந்தனைகளை (ராணுவச் செயலுக்கு உண்மையான உதவி, அழித்தால் திட்டமான பலன்) அது நிறைவேற்றுகிறது என்று வாதாடலாம். 1982 டிசம்பர் 18, சனிக்கிழமை, கேப் டவுனுக்கு வடக்கே கோபெர்க் அணுமின் நிலையத்தில் நான்கு லிம்பெட் கண்ணிகள் வெடித்தன. ஒருவரும் சாகவில்லை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அணுமின் நிலையம் ராணுவ இலக்காகவே இருந்தாலும், தாக்கினால் உள்ளிருக்கும் ஆபத்து வெளியே வந்து மக்களைக் கொல்லும் என்றால் பிரிவு 56 அதைத் தடுக்கிறது. நிலையம் அப்போது கட்டுமானத்தில்தான் இருந்தது, இயங்கத் தொடங்கவில்லை. அதே குண்டுகள், அதே சுவர்கள். உலை ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் வெடித்திருந்தால் அது வேறு செயல். அறத்தைத் தீர்மானிப்பதில் நாள்காட்டிக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் இல்லை.

ஐந்து மாதம் கழித்து, 1983 மே 20. பிரிட்டோரியாவில் சர்ச் தெரு, வான்படைத் தலைமையகத்துக்கு வெளியே ஒரு கார்க் குண்டு. இலக்கு ராணுவ இலக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம் விடும் வேளை. சீருடைக்காரர்கள் வெளியே வரும் நேரமும் கடைப் பெண்கள் பஸ்ஸுக்கு நடக்கும் நேரமும் ஒன்று. 19 பேர் செத்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். குண்டு குறித்த நேரத்துக்கு முன்பே வெடித்ததால் கொண்டுவந்த இரண்டு பேரும் அந்த 19க்குள் அடக்கம். கோபெர்க்கில் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தபோது ஆட்கள் குறைவாக இருக்கும் நேரம் அமைந்தது. இங்கே ஆட்கள் இருக்கும் நேரமே திட்டத்தின் பகுதி, ஏனென்றால் இலக்கு கட்டடம் அல்ல, அதிலிருந்து வருபவர்கள். ஆட்களை இலக்காக்கும் கணத்திலிருந்து அவர்களுக்குப் பக்கத்தில் நடப்பவர்களின் கணக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. ராணுவத் தலைமையகத்தை நகரத்தின் நடுத்தெருவில் வைத்த அரசுக்கும் இதில் பங்கு உண்டு என்று காங்கிரஸ் தரப்பில் சொல்லப்படுவதைத் தள்ளிவிட முடியாது. பிரிவு 58 அந்தப் பொறுப்பை அரசின் தலையிலும் வைக்கிறது. ஆனால் அது தாக்குகிறவனின் கணக்கைக் குறைக்காது.

டர்பன்காரர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது அமன்ஸிம்டோட்டி. தெற்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கே ஆண்ட்ரூ ஸொண்டோ சாலை என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். பழைய பெயர் கிங்ஸ்வே. 1985 டிசம்பர் 23, திங்கட்கிழமை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கிறது, பள்ளி விடுமுறை, கடைத்தொகுதி முழுக்கப் பிள்ளைகளோடு வந்தவர்கள். ஒரு குப்பைத்தொட்டிக்குள் ஒரு லிம்பெட் கண்ணி. 5 பேர் செத்தார்கள். இரண்டு பெண்கள், மூன்று பிள்ளைகள். வைத்தவர் அந்த ஆண்ட்ரூ ஸொண்டோ, வயது 19. எச்சரிக்கை கொடுக்கத் தொலைபேசி தேடியதாகவும் தபால் நிலையத்துத் தொலைபேசிகளில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்ததாகவும் நீதிமன்றத்தில் சொன்னார். 1986 செப்டம்பர் 9 அன்று தூக்கிலிட்டார்கள்.

அந்தத் தொலைபேசியில் கொஞ்சம் நிற்போம். பண்டிகை வாரத்தில் ஒரு சின்ன ஊரின் பொதுத் தொலைபேசியில் வரிசை நிற்கும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். அதை நம்பி ஒரு கூட்டத்தின் உயிரை வைத்தால், அந்தத் திட்டத்தில் எச்சரிக்கை ஒரு பகுதியாக இருக்கவில்லை, பின்னால் ஒட்டிய ஓர் ஆசையாகத்தான் இருந்தது. எச்சரிக்கை பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்றால் அது கிடைக்க வேண்டிய ஆளுக்குக் கிடைக்க வேண்டும், அவர் நம்ப வேண்டும், கூட்டம் கலைய நேரம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் இல்லை என்றே அர்த்தம். இதற்கு மேல், அந்த வகைக் கண்ணிகளில் இருந்த தாமத அமைப்பு கைக்கடிகாரம்போல் நேரம் காட்டுவதல்ல. காற்றின் சூட்டைப் பொறுத்து வெடிக்கும் நேரம் முன்பின் ஆகும். டிசம்பர் மாதத்து நேட்டால் கடற்கரை. நேரம் உறுதியில்லாத ஆயுதத்தோடு "இத்தனை நிமிடத்துக்குள் எச்சரிப்போம்" என்று ஒரு திட்டம் போட முடியாது.

எச்சரித்துத் தாக்குவது நமக்குப் புதிதல்ல. பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளை பெறாதவர்களும் பாதுகாப்பான இடம் சேருங்கள், அம்பு விடப் போகிறோம் என்று பாண்டியன் முதுகுடுமி அறிவித்ததைச் சங்கப் பாட்டில் எல்லோரும் படித்திருக்கிறோம். தமிழ் மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். கட்டுரையில் எடுத்தால் ஒன்றையும் சேர்த்துச் சொல்: முதுகுடுமி வலியவன். அறிவித்தாலும் ஜெயிப்பான். திடீரென்று வருவது ஒன்றே பலமாக உள்ளவனுக்கு எச்சரிக்கை என்பது தன் ஒரே ஆயுதத்தைக் கீழே வைப்பது. அதனால்தான் சட்டமும் "நிலைமை இடம் கொடுத்தால்" என்று எழுதியிருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை ராணுவ இலக்குக்குத்தான். கடைத்தொகுதிக்கு எச்சரித்துவிட்டுக் குண்டு வைத்தாலும் அது சரியான இலக்காகிவிடாது. எச்சரிக்கை சேதத்தைக் குறைக்கும், இலக்கை மாற்றாது.

அமன்ஸிம்டோட்டிக்கு மூன்று நாள் முன்புதான் லெசோத்தோவின் மசேருவில் தென்னாப்பிரிக்க அரசின் ஆட்கள் நடத்திய தாக்குதலில் 9 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஸொண்டோ அதற்குப் பதிலடி என்றுதான் கிளம்பினார். அப்பாவின் வாதம் இங்கேதான் நேராக வருகிறது, அதனால் இதைச் சுற்றிப் போகாதே. முதல் நெறிமுறையின் பிரிவு 51 இரண்டு இடத்தில் இதற்குப் பதில் சொல்கிறது: பொதுமக்கள் மேல் பழிவாங்கல் கூடாது, எதிரி விதியை மீறினாலும் உன் கடமை போகாது. காரணம் எளிது. மசேருவில் சுட்டவர்கள் அமன்ஸிம்டோட்டியில் சாமான் வாங்கிக்கொண்டிருக்கவில்லை. பழிவாங்கல் செய்தவனைப் போய்ச் சேருவதில்லை, அவன் நிறத்தில் இருப்பவனைப் போய்ச் சேருகிறது. நிறத்தைப் பார்த்து ஆளை எண்ணுவதை எதிர்த்து எடுத்த ஆயுதம் அது. காங்கிரஸே பின்னர் ஆணையத்தில், அந்த இளைஞரின் கோபம் புரிந்துகொள்ளக் கூடியது, செயல் நம் கொள்கை அல்ல என்றது.

அப்படியானால் கொள்கை என்ன? 1980 நவம்பர் 28 அன்று காங்கிரஸ் தலைவர் ஆலிவர் தாம்போ ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒரு அறிவிப்பைக் கொடுத்தார்: போரின் மனிதாபிமான விதிகளைக் காங்கிரஸ் மதிக்கும், நடைமுறையில் இயலும் இடமெல்லாம் ஜெனீவா உடன்படிக்கைகளையும் முதல் நெறிமுறையையும் பின்பற்றும். ஒரு விடுதலை இயக்கம் தானே முன்வந்து இப்படித் தன்னைக் கட்டிக்கொண்டது அன்று பெரிய விஷயம். எதிரே நின்ற தென்னாப்பிரிக்க அரசு அந்த நெறிமுறையை ஏற்கவே இல்லை. 1995ல், ஆட்சி மாறிய பிறகுதான் நாடு அதில் சேர்ந்தது. ஆனால் 1985 ஜூனில் சாம்பியாவின் கப்வேயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குப் பின் "கடின இலக்கு, மென் இலக்கு" (படை இலக்கு, பொதுமக்கள் இலக்கு) என்ற வித்தியாசம் மறையப் போகிறது என்ற பேச்சு வந்தது. மேலிடத்தில் அது ஒரு அரசியல் எச்சரிக்கை. கீழே, தொடர்பு அறுந்து, தலைமைக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, தனியாக ஒரு கண்ணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 19 வயதுப் பையன் காதில் அது எப்படி விழும்? கெரில்லா அமைப்பில் கட்டளை ஒரு வழிப் பாதை. மேலே சொல்லும் ஒரு தளர்ந்த வாக்கியம் கீழே போகும்போது அனுமதியாகிவிடுகிறது. 1988 ஆகஸ்டில் பொதுமக்கள் இலக்குகளைத் தாக்குவதை ஏற்கவில்லை என்று தலைமை தெளிவாக அறிக்கை விட வேண்டி வந்ததும் அதனால்தான். எம்.கே.யின் தாக்குதல்களில் பாதுகாப்புப் படையினரைவிடப் பொதுமக்களே அதிகம் செத்தார்கள் என்று ஆணையம் பதிவு செய்தது. பொதுமக்களைக் குறிவைப்பது கொள்கை அல்ல என்பதையும் அதே இடத்தில் ஒப்புக்கொண்டது. இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் கட்சிப் பேச்சு.

கண்ணிவெடிப் பிரசாரம் இதே பாடத்தை இன்னும் கொடூரமாகச் சொன்னது. 1985 முதல் 1987 வரை வடக்கு, கிழக்கு டிரான்ஸ்வாலின் எல்லைப்புறப் பண்ணைச் சாலைகளில் டாங்கி எதிர்ப்புக் கண்ணிகள் புதைக்கப்பட்டன. வாதம் இது: அந்தப் பண்ணைக்காரர்களை அரசு ராணுவ வானொலி வலையோடு இணைத்திருந்தது, எல்லையில் வெள்ளையர் குடியிருக்க 1979ல் தனிச் சட்டமே போட்டிருந்தது, ஆகவே அவர்கள் பாதுகாப்பு வளையத்தின் பகுதி. வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. ரோந்துக்கு ஆயுதத்தோடு போகும் பண்ணைக்காரன் அந்த நேரத்துக்குப் பொதுமகன் அல்ல. ஆனால் வீட்டுக்குத் திரும்பினால்? அவன் மனைவி? 1985 டிசம்பர் 15 அன்று மெசினாவுக்கு அருகே (இன்றைய முசினா) ஒரு கண்ணியில் 6 பேர் செத்தார்கள், அவர்களில் நான்கு பேர் பிள்ளைகள்.

இயந்திரத்தைப் பார்த்தாலே இது ஏன் இப்படிப் போகும் என்று தெரியும். டாங்கி எதிர்ப்புக் கண்ணி பொதுவாக நூறு கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்துக்கு வெடிக்கும். நடந்து போகிறவர் மேல் வெடிக்காது என்பதால் அதைப் பகுத்தறியும் ஆயுதம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் நூறு கிலோ என்பது ராணுவ லாரிக்கும் பொருந்தும், டிராக்டருக்கும் பொருந்தும், பின்னால் கூலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் பக்கிக்கும் (திறந்த சிறு லாரி) பொருந்தும். இதற்கு எதிராக அரசிடம் காஸ்பிர் கவச வண்டி இருந்தது. அடித்தட்டு 'வி' வடிவில் இருப்பதால் வெடியின் வேகம் பக்கவாட்டில் சிதறிப் போகும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் தப்புவார்கள். யாருக்காகக் கண்ணி புதைத்தார்களோ அவர்கள் அதற்குத் தயாரான வண்டியில் போனார்கள். தயாரில்லாத வண்டியில் போனது கறுப்புக் கூலிக்காரர்கள். பலியானவர்களில் பலர் அவர்கள்தான் என்று தெரிந்ததும் காங்கிரஸ் அதை நிறுத்தியது. நிறுத்தியதைப் பாராட்டலாம். ஆனால் சாலையில் யார் போகிறார்கள் என்பதைப் புதைக்கும் முன்பே எண்ணியிருக்கலாம். நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் எப்படி வேலைக்குப் போனார்கள் என்று தெரிந்த எவரும் அதை எண்ணிச் சொல்லியிருப்பார்கள். பின்னாளில் இதே நாடு 3 லட்சத்துக்கும் அதிகமான ஆள்கொல்லி மிதிவெடிகளைத் தானே அழித்துவிட்டு 1997 டிசம்பர் 3 அன்று ஒட்டாவாவில் கையெழுத்திட்டது.

அரசு தரப்பைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருபக்கமாகச் சாயும். கடிதக் குண்டு அவர்கள் கை. 1982 ஆகஸ்ட் 17 அன்று மபுட்டோவில் நிறவெறி எதிர்ப்பாளர் ரூத் ஃபர்ஸ்ட் ஓர் உறையைத் திறந்து செத்தார். 1984 ஜூனில் அங்கோலாவின் லுபாங்கோவில் வந்த பொதியில் இன்னொரு நிறவெறி எதிர்ப்பாளர் ஜெனட் ஸ்கூனும் அவருடைய 6 வயது மகளும். பொதி யார் கையில் திறக்கும் என்று அனுப்பினவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவனுக்கு அக்கறை இல்லை. 1985 ஜூனில் கிழக்கு ராண்டில் போராளிகளாக நடித்துப் போன போலீஸ் ஆள், இளைஞர்களுக்குக் கைக்குண்டு கொடுத்தான். முள்ளை இழுத்ததுமே வெடிக்கும்படி மாற்றிய குண்டுகள். பிள்ளைகள் கையிலேயே சிதறினார்கள். அடுத்த மாதம், அந்தச் சதியில் பங்கு உண்டு என்ற சந்தேகத்தில் டுடுஸாவில் மாக்கி ஸ்கோசானா என்ற இளம்பெண்ணைக் கூட்டம் எரித்துக் கொன்றது. அவர் உளவாளி அல்ல என்று ஆணையம் பின்னர் சொன்னது. ஒரு பொறிவெடி, அதனால் பரவிய அவநம்பிக்கை, அதில் இன்னொரு உயிர். 1989ல் பாதிரியார் ஃபிராங்க் சிக்கானேயின் துணிகளில் விஷம் தடவினார்கள், பிழைத்துவிட்டார். 1989ல் சட்ட ஒழுங்கு அமைச்சராக இருந்த ஆட்ரியான் ஃப்ளோக் 2006ல் அவர் காலைக் கழுவி மன்னிப்புக் கேட்டதும், மறு ஆண்டு கொலை முயற்சி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் பத்திரிகைகளில் வந்தவை. 1907லேயே விலக்கிய ஆயுதத்தை அரசுதான் எடுத்தது, கெரில்லா அல்ல.

வேடம் போடுவது பற்றி. பதுங்குவது, ஏமாற்றுவது, இரவில் வருவது எல்லாம் போரில் அனுமதித்தவை. தடை செய்தது துரோக வேடம்: எதிரி உன்னைச் சுடக்கூடாத ஆளாக நம்பும்படி நடித்து, அந்த நம்பிக்கையை வைத்தே அவனைக் கொல்வது. இங்கே போயர்கள் (டச்சு வழி வந்த வெள்ளையர்) நமக்கு மூத்தவர்கள். ஆங்கிலேயரோடு நடந்த போரில் 1901 செப்டம்பர் 17 அன்று போயர் தளபதி ஸ்மட்ஸின் குழு ஆங்கிலேயரின் 17வது லான்சர் படையை அடித்தபோது பலர் பறித்த காக்கிச் சட்டையில் இருந்தார்கள். சொந்தத் துணி கந்தலாகிவிட்டது, வேறு இல்லை. ஆனால் எதிரே இருந்தவன் தன் ஆள் என்று நினைத்து ஒரு நொடி தயங்கினான். அதன் பின் காக்கியில் பிடிபட்ட போயர்களை ஆங்கிலேயத் தளபதி கிச்சனரின் படை சுட்டுக் கொன்றது. வேடத்தின் விலையை எப்போதும் அடுத்து வருபவன்தான் கட்டுகிறான். சிவிலியன் சட்டையில் சுட்டால் அடுத்த நாள் சிவிலியன்கள் எல்லோரையும் சந்தேகத்தில் சுடுவான். மருத்துவர் வேடத்தில் வந்தால் நாளை மருத்துவரைச் சோதிப்பான். 1986 மே மாதம் எடண்டேல் மருத்துவமனையிலிருந்து காயம்பட்ட தோழரை எம்.கே. போராளி ராபர்ட் மெக்பிரைட் மீட்டது அப்படி மருத்துவர் வேடத்தில்தான். தோழரை விட்டுவராத துணிச்சலைப் பலர் புகழ்வார்கள். எனக்கு அதில் உறுத்துவது அந்த வெள்ளைக் கோட்டு. 1899-1900ல் கொலென்சோவிலும் ஸ்பியோன் கோப்பிலும் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் டோலி சுமந்தார்கள். பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள், தமிழர் பலர். அவர்களிடம் ஆயுதம் இல்லை. அவர்களைக் காத்தது அந்த அடையாளத்தின் மேல் இரு தரப்புக்கும் இருந்த நம்பிக்கை மட்டும்தான்.

கெரில்லா சீருடை போட்டே ஆக வேண்டுமா என்றால், பிரிவு 44 இடம் கொடுக்கிறது. முடியாத சூழ்நிலையில் தாக்கும்போதும், தாக்குமுன் எதிரியின் கண்ணுக்குத் தெரியும்படி அணிவகுக்கும்போதும் ஆயுதத்தை வெளிப்படையாக வைத்திருந்தால் போதும். அப்படி நடந்தவன் பிடிபட்டால் போர்க்கைதி. தென்னாப்பிரிக்கா இதை ஒத்துக்கொள்ளாததால் எம்.கே.காரர்கள் சாதாரணக் குற்றவாளிகளாகத் தூக்கில் தொங்கினார்கள். 1987ல் பெட்டேன் வழக்கில் கேப் நீதிமன்றமும் அந்த நெறிமுறை இங்கே செல்லாது என்றது. விதியை மதித்தாலும் தூக்கு, மதிக்காவிட்டாலும் தூக்கு என்றால் மதிக்க ஒருவனுக்கு என்ன காரணம் மிஞ்சும்? இது அரசு தானே தோண்டிய குழி, கட்டுரையில் தவறாமல் எழுது. கெரில்லாவுக்கும் சிறை நடத்தத் தெரியாது என்பது இதன் மறுபக்கம். உளவாளி என்ற சந்தேகத்தில் அங்கோலாவின் குவாட்ரோ முகாமில் சொந்த ஆட்களையே சித்திரவதை செய்தார்கள். 1993ல் மொட்சுவென்யானே ஆணையம் அதை உறுதிசெய்தது.

ஏப்லா (பான் ஆப்பிரிக்க காங்கிரஸின் ஆயுதப் படை) பற்றியும் கேட்பார்கள். 1993 ஜூலை 25 அன்று கெனில்வொர்த்தில் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்குள் ஞாயிறு வழிபாட்டில் சுட்டு 11 பேரைக் கொன்றார்கள். அதில் கண்ணும் கையும் பிரியவே இல்லை. பார்த்துத்தான் சுட்டார்கள். அதனால் அதை அளக்க இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

கட்டுரைக்கு நடைமுறையாக ஒன்று: ஒரே ஒரு சம்பவத்தை எடு. டர்பனில் இருப்பதால் 1986 ஜூன் 14, மகூஸ் பார் வசதி. மெரைன் பரேடில் சனிக்கிழமை இரவு மெக்பிரைட் குழு வைத்த கார்க் குண்டு, மூன்று பெண்கள் சாவு, ஏறத்தாழ 70 பேர் காயம். அந்தச் சாலைக்கு இப்போது ஓ.ஆர். தாம்போ பெயர், ஜெனீவாவில் கையெழுத்துப் போட்டவரின் பெயர். ஓய்வில் இருக்கும் பாதுகாப்புப் போலீஸார் அங்கே குடிக்க வருவார்கள் என்பது இலக்குக்குச் சொன்ன காரணம். அதை ஏற்றுக்கொண்டே ஆரம்பி: வருவார்கள் என்று யார், எத்தனை தடவை, எப்படிப் பார்த்தார்கள்? அன்றிரவு எத்தனை பேர் இருந்தார்கள், மற்றவர்கள் எத்தனை? துப்பாக்கியோ வேறு வழியோ இருக்கக் கார்க் குண்டு ஏன்? வண்டியை நிறுத்திய பிறகு மனம் மாறினால் தடுக்க முடிந்திருக்குமா? உத்தரவு யாருடையது? இந்தக் கேள்விகளோடு, மெக்பிரைடுக்கு மன்னிப்பு வழங்கிய ஆணையத்தின் மன்னிப்புக் குழுவின் 2001 தீர்மானத்தைப் படி. 1995ன் 34ஆம் எண் சட்டம், பிரிவு 20, நோக்கம், சூழல், இலக்கு, உத்தரவு, செயலுக்கும் நோக்கத்துக்கும் உள்ள அளவு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. முழு உண்மையையும் சொல்லியாக வேண்டும். இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, மன்னிப்புக் கிடைத்தது என்பதைச் செயல் சரி என்று தீர்ப்பாகிவிட்டது என்று எழுதுவது. மன்னிப்பு வழக்கை மூடுகிறது, அவ்வளவுதான்.

அமன்ஸிம்டோட்டியை எடுப்பதாக இருந்தால் முதல் பக்கத்திலேயே மசேருவின் 9 பேரை எழுது. அதே பக்கத்தில் கடைத்தொகுதியின் 5 பேரையும், தூக்கில் போன பையனையும் எழுது. எண்ணிக்கையைக் கழித்துக் காட்டாதே. டீச்சர் அதைத்தான் தேடுவார்.